தம்பியின் கரையில் அண்ணன் பவிசு

உலகத்திலேயே பேர்போன ரத்தினக் கம்பளம் எது என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் அர்தபீல் கம்பளம் என்பார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் படுத்திருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒட்டுப்போட்ட கம்பளம்.

கதை ஈரானின் வடமேற்கில், அர்தபீல் ஊரில் தொடங்குகிறது. அங்கே அடக்கமாகியிருப்பவர் ஷேக் சஃபி என்ற சூஃபி ஞானி. அவர் பற்றை விட்டார். அவர் வம்சம் நாட்டையே பற்றிக்கொண்டது. அதுதான் சஃபாவி அரச வம்சம். ஷா தஹ்மாஸ்ப் காலத்தில், 1539-40 வாக்கில், அந்த மூதாதையின் தர்காவுக்கென்று கம்பளங்கள் நெய்தார்கள். ஒன்று போதாதென்று ஒரே அச்சில் இரண்டு.

நீளம் பத்தரை மீட்டர், அகலம் ஐந்தே கால் மீட்டருக்குச் சற்று மேல். பாவும் ஊடையும் பட்டு. மேலே கம்பளி முடிச்சு, சுமார் 2 கோடியே 60 லட்சம். அத்தனையும் கையால் போட்டது. போட்ட விரல்களில் ஒன்றின் பெயரும் நமக்குத் தெரியாது. மக்ஸூத் காஷானி என்று ஒரே ஒரு பெயர், ஆண்டோடு சேர்த்து, தலைமாட்டில் நெய்யப்பட்டிருக்கிறது. கட்டடம் கட்டிய கொத்தனாரை விட்டுவிட்டு மேஸ்திரி பெயரைக் கல்லில் வெட்டுகிற வழக்கம் நம் காலத்துக் கண்டுபிடிப்பில்லை போலும்.

நடுவில் பொன்னிறச் சூரியப் பூ. அதன் மேலும் கீழும் ஒவ்வொரு விளக்கு தொங்குகிறது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சின்ன விளக்குப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும் என்கிறார்கள் சில அறிஞர்கள். முழு நிறைவு ஆண்டவனுக்கே உரியது, அதனால் வேண்டுமென்றே விட்ட குறை என்கிறார்கள் வேறு சிலர். நம் வீட்டுப் பையன் வரைந்திருந்தால் வாத்தியார் சிவப்பு மையால் சுழித்திருப்பார். 400 வருஷம் தாண்டினால் அதற்குப் பெயர் தத்துவம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டு கம்பளமும் நைந்துபோய் தர்காவை விட்டு வெளியேறி வியாபாரிகள் கைக்கு வந்தன. சந்தையின் சூத்திரம் எளிது: கிழிசல் இரண்டுக்குக் கிடைப்பது அரை விலை, முழுசாக ஒன்று இருந்தால் கேட்டதுதான் விலை. ஆக, தம்பியைக் கிழித்து அண்ணனுக்கு ஒட்டுப் போட்டார்கள். பசுவைக் கொன்று செருப்பு தானம் செய்த புண்ணியம்.

1892இல் வின்சென்ட் ராபின்சன் என்ற லண்டன் கடை அண்ணனைக் கடைவிரித்தது. தம்பியைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். இங்கே ஒரு மௌனத்திலேயே வேலை முடிந்தது. அருங்காட்சியகம் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸைப் பெண் பார்க்க அனுப்பியது. பழைய கட்டடங்களைச் சீர்செய்கிறேன் பேர்வழி என்று கெடுக்கிறவர்களை எதிர்த்துச் சங்கமே தொடங்கியவர் அவர். கம்பளத்தைப் பார்த்துச் சொக்கிப்போய், கட்டாயம் வாங்குங்கள் என்றார். ஊரெல்லாம் நன்கொடை திரட்டி, 1893இல் 2,000 பவுண்டுக்குத் தாலி கட்டினார்கள்.

தம்பி சத்தமில்லாமல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். முதலில் சிகாகோ டிராம் வண்டி முதலாளி சார்லஸ் யெர்க்கீஸ் வீடு. பிறகு கை மாறி மாறி, 1938இல் எண்ணெய்க் கோமான் பால் கெட்டி வீடு. பின்னாளில் தன் மாளிகைக்கு வரும் விருந்தாளிக்குக் காசு போட்டால் பேசுகிற டெலிபோன் வைத்தாரே, அதே புண்ணியவான். கிட்டத்தட்ட 70,000 டாலர் கொடுத்து வாங்கியதை, 1953இல் லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்துக்குச் சும்மா கொடுத்தார். கம்பளத்தில் காசு போட ஓட்டை இல்லை. வேறு என்ன செய்வார்?

இன்று லண்டனில் அண்ணனுக்கு ராஜ உபசாரம். சாயம் வெளுத்துவிடும் என்று மங்கிய வெளிச்சம். அரை மணிக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம் மட்டும் விளக்குப் போட்டுத் தரிசனம். மிதிப்பதற்கு நெய்த பொருளின் அருகே மூச்சு விடவும் தயங்கி நிற்கிறது கூட்டம். லாஸ் ஏஞ்சலஸில் தம்பி, கரையில்லாத வேட்டி மாதிரி, நடுப்பகுதியோடு மட்டும் கிடக்கிறான். மக்ஸூத்தின் பெயர் அவனிடமும் இருக்கிறது.

லண்டன் போனால் நடுச் சூரியனைப் பார்த்து வாய் பிளந்தது போதும், ஓரத்துக்கு வாருங்கள். அங்கே அண்ணன் இடுப்பைச் சுற்றித் தம்பி இருக்கிறான்.