இலக்கைத் தாண்டிய ஆணையர்

இரும்புக்கு ஆண்டு இலக்கு, நிலக்கரிக்கு ஆண்டு இலக்கு என்று திட்டம் போட்ட சோவியத் நாட்டில் பிணத்துக்கு மட்டும் இலக்கில்லாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் நிக்கலாய் யெஷோவ். உள்துறை மக்கள் ஆணையர். என்கேவிடி என்ற ரகசியப் போலீசுக்கு 1936 செப்டம்பர் முதல் தலைவர்.

1937 ஜூலை 30-இல் அவர் கையெழுத்திட்ட 00447-ஆம் உத்தரவைப் படித்தால் வயிறு எரிகிறது. பிராந்தியவாரியாக அட்டவணை. முதல் வகை, சுட வேண்டியவர்கள்: 75,950. இரண்டாம் வகை, முகாமுக்கும் சிறைக்கும்: 1,93,000. அந்தக் கடைசி 50-ஐ எந்தக் கணக்கப்பிள்ளை கூட்டிச் சரிபார்த்தானோ! யார், என்ன குற்றம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எண் முதலில் வந்துவிட்டது. செலவுக்கு ஏழரைக் கோடி ரூபிள். நான்கு மாதத்தில் வேலை முடிய வேண்டும். தீர்ப்புச் சொல்ல மூவர் குழு. வக்கீல் கிடையாது, அப்பீல் கிடையாது. சர்க்கரை போதவில்லை என்று ரேஷன் கடைக்காரர் மேலே எழுதிப்போடுவது போல, உள்ளூர் அதிகாரிகள் மாஸ்கோவுக்கு எழுதினார்கள்: முதல் வகையில் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். கொடுத்தார்கள், தாராளமாக. 1937, 38 இரண்டே ஆண்டுகளில் சுடப்பட்டவர்கள், அரசின் சொந்தக் கணக்குப்படியே, 6,81,692 பேர்.

இவ்வளவு உழைத்தவரைச் சும்மா விடலாமா? லெனின் விருது கொடுத்தார்கள். செர்கெஸ்க் நகரத்தின் பெயரோடு அவர் பெயரைச் சேர்த்தார்கள். 1937 டிசம்பரில் போல்ஷோய் தியேட்டரில் ரகசியப் போலீசின் 20-ஆம் ஆண்டு விழா. யெஷோவைப் பார்த்து வேலை கற்றுக்கொள்ளுங்கள் என்று ஸ்டாலினின் சகா மிகோயன் மேடையில் முழங்கினார். கைதட்டியவர்களில் எத்தனை பேர் அடுத்த பட்டியலில் இருந்தார்களோ.

ஆம், பட்டியல். பெரும்புள்ளிகளைத் தீர்த்துக்கட்ட 383 பட்டியல்கள் மேலே போயின. ஸ்டாலினும் பிரதமர் மொலோட்டோவும் கை வலிக்கக் கையெழுத்துப் போட்டார்கள். நாடு முழுக்க ரத்தவாடை அடித்த பிறகு மேலிடத்துக்குத் திடீரென்று மூக்கு வேலை செய்தது: ஐயையோ, இதெல்லாம் யார் பார்த்த வேலை? 1938 நவம்பரில் யெஷோவின் பதவி போயிற்று. 1939 ஏப்ரலில் கைது. அந்நிய நாட்டுக்கு உளவு, ஸ்டாலினைக் கொல்லச் சதி என்று, இவர் ஊருக்கெல்லாம் விநியோகித்த குற்றச்சாட்டுகளே வீடு தேடி வந்தன. கோர்ட்டில் அவர் பேசியதுதான் சகிக்கவில்லை. ரகசியப் போலீசுக்குள்ளேயே 14,000 பேரைக் களையெடுத்தாராம். போதிய அளவு எடுக்காததுதான் அவர் செய்த குற்றமாம்! 1940 பிப்ரவரி 4-இல் சுட்டார்கள். மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் அவர் நின்ற போட்டோவில், அவர் இருந்த இடத்தில் தண்ணீரை வரைந்து வைத்தார்கள்.

இவருக்கு முன்னால் இருந்த யாகோடாவுக்கும் இதே கதிதான். பின்னால் வந்த பெரியாவையும் 1953 டிசம்பரில் சுட்டார்கள். சோவியத் கலைக்களஞ்சியம் வாங்கியவர்களுக்கு மாற்றுப் பக்கங்கள் தபாலில் போயின: பெரியாவைக் கத்தரித்துவிட்டு பேரிங் கடலை ஒட்டிக்கொள்ளவும். பட்டியல்களில் கையெழுத்துப் போட்ட ஸ்டாலினை மட்டும் அப்போது யாரும் கத்தரிக்கவில்லை. பதம் செய்து, லெனினுக்குப் பக்கத்தில், 1961 வரை பார்வைக்கு வைத்திருந்தார்கள்.