ராமானுஜம் வராத நாள்

டிஸ்கிறீற் மெத்ஸ் சோதினைக்கு ஒன்பது நாள் ஸ்ரடி லீவு விட்டார்கள். விடுதியில் இருந்தால் மற்றவர்கள் படிப்பதைப் பார்த்தே வயிறு கலங்கும். கொப்பிகளைக் கட்டிக்கொண்டு பேசாலைக்கு பஸ் ஏறினேன்.

மன்னார் பட்டினத்துக்குள் நுழைந்ததும் பஸ் நின்றுவிட்டது. ரோட்டில் வரிசையாக ஏழு கழுதைகள். என் மடியில் திறந்திருந்த கொப்பியிலோ கணிதத் தொகுத்தறிவு. முதலாவதுக்கு உண்மையென்று காட்டு. ஏதாவதொன்றுக்கு உண்மையானால் அதற்கு அடுத்ததுக்கும் உண்மையென்று காட்டு. அதன்பிறகு எத்தனை ஆயிரம் நின்றாலும் கவலையில்லை. இரண்டாவது பகுதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஊர்க் கழுதைகள் முன்னால் போவதைப் பார்த்துத்தான் நடக்கும். சிக்கல் முதற்கழுதைதான். அது பஸ்ஸைப் பார்த்தது, ஹோர்ன் சத்தத்தைக் கேட்டது, ஒரு காதை மட்டும் ஆட்டிவிட்டு நின்றது. கண்டக்டர் பொடியன் இறங்கிப்போய்ப் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிய பிறகே நிறுவல் பூர்த்தியானது.

உயர்தரத்தில் இதைத் தமிழில் படித்துத் தேறியவன் நான். கம்பசில் எல்லாம் இங்கிலிஷ். லெக்சரர் 'இன்டக்சன்' என்றதும் பௌதிகவியலில் படித்த தூண்டல்தான் ஞாபகம் வந்தது. சுருளும் காந்தமும் எப்போது வரும் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். பிறகு சீனியர் அண்ணா ஒருவர் இரவில் 'குப்பி' போட்டார். விளங்காதவர்களை இருத்திவைத்து மாணவர்களே சொல்லிக்கொடுப்பதற்கு எங்கள் நாட்டுக் கம்பஸ்களில் குப்பி என்று பெயர். குப்பி விளக்கிலிருந்து வந்த பெயராம். எனக்குத் திரி பற்றவேயில்லை.

வீட்டு விறாந்தையில் மேசை போட்டேன். கடற்கரைப் பக்கம் காற்றாடிகள் சுழன்றன. மொத்தம் 30 என்று தெரியும். ஆனாலும் எண்ணத் தொடங்குவேன், 17இல் தவறிவிடும். எண்ணுவதையே பாடமாக வைத்த சோதினைக்குப் போகிறவனின் இலட்சணம் இது.

மூன்றாம் நாள் சத்தம்போட்டுப் படிப்பதென்று முடிவெடுத்தேன். "ஒரு முழு எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்பதற்கு 1918இல் ஹார்டியும் ராமானுஜனும்..."

சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மம்மா நிமிர்ந்தார்.

"ராமானுஜமோ? அதுக்காகப் பியரில காத்து நிண்டு நிண்டு என்ர காலே வீங்கினது, ராசா."

ஈரோட்டில் பிறந்து, கேம்பிரிட்ஜ் போய், 1920இல் 32 வயதில் இறந்துபோன மேதைக்காக அம்மம்மா எப்படிக் காத்து நின்றார்? இந்தப் பாடம் தலைக்கேறினால் வீட்டிலுள்ளவர்களையும் பாதிக்கும் போலிருக்கிறது என்று பயந்தேன்.

"அம்மம்மாவுக்கு அவரைத் தெரியுமா?"

"தெரியாமல்? உன்ர அப்பு ராமானுஜத்தில மூட்டை ஏத்தி இறக்கித்தானே எங்களுக்குச் சோறு போட்டவர்."

கப்பல்! தலைமன்னார் பியருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் ஓடிய கப்பலின் பெயர் ராமானுஜம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் தின்ற பிறகு, இராமேஸ்வரத்திலிருந்து வந்துபோனது. எண்பதுகளில் போர் அதையும் நிறுத்தியது.

"கடல் எழும்பினா ராமானுஜம் வராது" என்றார் அம்மம்மா.

எனக்குள் இருந்த மாணவன் விழித்துக்கொண்டான். "சரி, ஒருநாள் ராமானுஜம் வரேல்ல எண்டு வைப்பம். அப்ப கடல் எழும்பியிருக்கு, என்ன?"

"அதெப்பிடி? எஞ்சின் பழுதா இருக்கும். அங்கால ஸ்ட்ரைக்கா இருக்கும். வராததுக்கு ஆயிரம் இருக்கும்."

இந்த ஒரு பிழையைத்தான் நான் மூன்று பாஸ்ற் பேப்பரிலும் விட்டிருந்தேன். கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, கொப்பியை மூடிக்கொண்டு அம்மம்மாவுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

ராமானுஜனின் பிரிவினைக் கணக்கு இதுதான். 5 என்ற எண்ணைக் கூட்டல்களாக உடைத்தால் ஏழு வழி. 100க்கு 190,569,292 வழி. 975,000க்கு எத்தனை என்று நினைத்தாலே தலை சுற்றும். ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு வழி 1964 ஒக்டோபரில் கையெழுத்தாகிவிட்டது. இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் மலையகத் தமிழரை உட்காரவைத்துப் பிரித்தார்கள் என்று சொல்லமுடியாது, அவர்களைக் கேட்காமலே பிரித்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாக வெட்டினார்கள். என் விடைத்தாளில் இப்படி மிச்சம் விட்டுவைத்தால் ஒரு புள்ளியும் கிடைக்காது.

அந்தப் பிரிவினையைச் சுமந்தது ராமானுஜம்தான். மலையிலிருந்து அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுவந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர்.

"தகரப் பெட்டிக்கு மேல ஒரு கிழவி இருந்தா" என்றார் அம்மம்மா. "அங்க தேயிலை இருக்கோ பிள்ளை எண்டு என்னட்டக் கேட்டா. நான் இந்தியாவைக் கண்டனானோ? இருக்கும் அம்மா எண்டு சொல்லிப்போட்டன்." மீன் செதில் ஒட்டிய கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கேத்தல் கொதித்து வழிந்தது. இரண்டு பேருக்கும் பிளேன்ரீ ஊற்றினேன்.

அன்றிரவு கிராஃப் தியரி. ஓய்லர் 1735இல் கோனிக்ஸ்பேர்க்கின் ஏழு பாலங்களைப் பார்த்து, ஒவ்வொன்றையும் ஒரேயொரு தடவை கடந்து ஊரைச் சுற்றமுடியாது என்று நிறுவினார். இரண்டாம் உலகப்போரின் குண்டில் இரண்டு பாலங்கள் போயின. மிஞ்சிய ஐந்தில் இப்போது அப்படி நடக்கலாமாம், புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப மட்டும் முடியாது. போரால் ஒரு கணக்குத் தீர்ந்த ஒரே ஊர் அதுதானோ என்னவோ. மன்னார்த்தீவைக் கரையோடு இணைத்த எங்கள் பாலமும் 1990இல் உடைந்தது, 2010இல் புதிது வந்தது. இடைப்பட்ட இருபது வருடத்தில் எந்தக் கணக்கும் தீர்ந்ததாக யாரும் சொல்லவில்லை.

நான்கு புள்ளி வைத்தேன். இந்தியக் கரை, இராமேஸ்வரம், மன்னார்த்தீவு, இலங்கைக் கரை. மூன்று கோடு. 1914இல் திறந்த பாம்பன் பாலம் ஒன்று, எங்கள் பக்கத்துப் பாலம் ஒன்று, நடுவில் கப்பல். வரைவிலக்கணத்தைப் பார்த்தேன்: எந்தக் கோட்டை எடுத்தால் உருவம் இரண்டு துண்டாகப் போகுமோ அதற்கு 'பிரிட்ஜ்' என்று பெயர். அப்படிப் பார்த்தால் ராமானுஜமும் பாலம்தான்! அதன் கீழே கிடக்கும் மணல்திட்டுகளையோ ஆதாம் பாலம், இராமர் பாலம் என்று உலகமே சொல்கிறது. அதில் ஒரு கழுதையாவது அக்கரை சேர்ந்ததாகத் தகவல் இல்லை. நாலு மாதம் விளங்காத வரைவிலக்கணம் அந்த இடத்தில் விளங்கியது. நடுக்கோட்டை ரப்பரால் அழித்தேன். இரண்டு துண்டு.

சோதினையில் ஆறு கேள்வி. முதலாவதில் ஒன்றும் வரவில்லை, இரண்டாவதில் வந்தது தப்பு. நாலாவது: எல்லாக் கோடுகளும் பிரிட்ஜ் ஆக உள்ள, நான்கு புள்ளிகள் கொண்ட ஒரு கிராஃப் வரைக. கண்ணை மூடிக்கொண்டு வரைந்தேன். நடுக்கோட்டில் ஒரு சின்னக் கப்பலும் புகைபோக்கியும் எப்போது வந்தன என்று எனக்கே தெரியாது. அழிக்க மனமும் வரவில்லை.

பெறுபேறு வந்த அன்று வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"சி, அம்மம்மா."

"சீ எண்டால்?"

"பாஸ்."

"ராமானுஜத்தைக் கேட்டவங்களோ?"

"கேட்டவங்கள்."

"கடல் எழும்பினா வராது எண்டு எழுதினியே?"