உங்கள் ஒருங்கிணைப்புக்கு ஒரு கும்பிடு

சென்னைப் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் பெரியோர் சமூகத்துக்கு,

நேற்று இரவு பறக்கும் ரயிலிலிருந்து இறங்கியவன் எழுதிக்கொள்வது. நடைமேடையிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே என் பஸ் நிற்கிறது. நகரும் படிக்கட்டு வழக்கம்போல நகரவில்லை. பாதி இருட்டில் மூன்று மாடி தாவி இறங்கி, பையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே ஓடினேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு கியரைப் போட்டார். வேறு பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்லூரிப் பையன்கள் கைதட்டினார்கள்.

ரயில் நுழையும் நிமிடத்தில் பஸ் கிளம்புவதைத் தற்செயல் என்கிறார்கள் சில விவரமில்லாதவர்கள். மழையானாலும் தீபாவளியானாலும் இம்மி பிசகாமல் தவறவிட வைக்க எப்பேர்ப்பட்ட ஒருங்கிணைப்பு வேண்டும்!

டைம் கீப்பரிடம் கேட்டேன். "ரயிலு எப்ப வருதுன்னு எங்களுக்கு எப்டி சார் தெரியும்? அது சென்ட்ரல் கவர்மென்ட்டு" என்றார். தண்டவாளம் அவர் தலைக்கு மேலேதான் போகிறது. ரயில் வந்தால் மேசையில் இருக்கும் டீ கிளாஸ் அதிர்கிறது. இருந்தும் தெரியாது. இதுவும் ஒருங்கிணைப்புதான்.

உங்கள் பொறுமையும் சாதாரணமானதல்ல. ஒருங்கிணைப்புக்கென்றே 2010இல் சட்டம் வந்தது. முதலமைச்சர் தலைமையில் உங்கள் குழுவின் முதல் கூட்டம் 2022இல் கூடியது. சட்டத்தைவிட்டு இறங்கிக் கூட்டத்தைப் பிடிக்கப் பன்னிரண்டு வருடம்! பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர் நீட்டிக்கும் வேலை 2008இல் தொடங்கியது. 2016இல் மெட்ரோவே பரங்கிமலைக்கு வந்துவிட்டது. பறக்கும் ரயிலோ நிலத் தகராறில் அரைக் கிலோமீட்டர் பாக்கி வைத்து அந்தரத்தில் நின்றது. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தார்கள். ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் இருந்தது, ரயிலும் ஓடியது, நிற்கத்தான் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு வந்த ஜனங்கள் ரயிலுக்கு டாட்டா காட்டினார்கள்.

இப்போது செயலி வேறு. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே போனில் டிக்கெட். டிக்கெட்டுகள் சந்தித்துக்கொண்டன, பாராட்டுகள். வண்டிகள்தான் இன்னும் சந்திக்கவில்லை.

என்னோடு ஒரு அம்மாவும் இறங்கினார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவர். பஸ் போனதும் எதுவும் பேசவில்லை. செருப்பைச் சரிசெய்துகொண்டு, விளக்கில்லாத சாலையில் நடக்க ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் அந்த பஸ்ஸை நிறுத்தி வைக்க எத்தனை கோடி ஐயா வேண்டும்? எந்தக் கன்சல்டன்ட் அறிக்கை தர வேண்டும்? ஒரு போன் அடித்துச் சொல்ல ஆளில்லையா உங்களிடம்?

மன்னிக்கவும், வார்த்தை தடித்துவிட்டது. தங்கள் சமூகம் பெருந்தன்மையானது.

ஒரே ஒரு விண்ணப்பம். ஸ்டேஷன் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ அண்ணன் நிற்கிறார். எந்த ரயில் எத்தனை நிமிடம் லேட், எந்த பஸ் இன்றைக்குக் கட், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரை உங்கள் குழுவில் உறுப்பினராக்கிக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குச் சரியான நேரத்துக்கு வந்துவிடுவார், ஆட்டோவில்தானே வருவார்.

இப்படிக்கு,
அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தங்கள் விசுவாசி