மெட்ராஸ் டூர்ச் சுவடி: பாடபேதமும் இடைச்செருகலும்

உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தார். இந்த ஆய்வுக்கு அத்தனை சிரமம் நேரவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜின் மேல், கரண்ட் பில் அட்டைக்கும் தைல டப்பாவுக்கும் நடுவே மூலம் கிடைத்தது. கணக்கு ரஃப் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். நான்காக மடித்திருக்கிறது. தலைப்பு ‘மெட்ராஸ் டூர்’. கீழ்ப்பாதி இல்லை. அது எப்படி இல்லாமல் போயிற்று என்பது கடைசியில் வரும்.

தாளில் நான்கு கைகள் தெரிகின்றன. நீலப் பால்பாயிண்ட், மூல ஆசிரியரான அப்பா. ரோஸ் நிற ஜெல் பேனா, மகளிடம் வாங்கிய பேனாவால் எழுதிய அம்மா. கூர்சீவிய பென்சில், ஏழாம் வகுப்பு மகள். ஓரத்தில் யானை வரைந்திருப்பவர் மூன்றாம் வகுப்பு மகன். யானைக்குக் கால் ஐந்தா, ஒன்று தும்பிக்கையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆச்சியின் கை எங்கும் இல்லை. ஆச்சி வாய்மொழி மரபைச் சேர்ந்தவர்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியர் வகுத்தார். குடும்பச் சுற்றுலாவில் பொழுதுதான் முந்திக்கொள்கிறது. முழு ஆண்டுத் தேர்வு முடிய வேண்டும். பள்ளி திறப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். இடையில் மிஞ்சுவது மே மாதம். அதில் பெரும்பகுதியை மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரம் எடுத்துக்கொள்கிறது. சென்னையில் 2003 மே 31 அன்று வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டதுண்டு. பக்கத்திலேயே குற்றாலம் இருக்க இவ்வளவு தூரம் ஏன் என்ற ஐயம் எழலாம். குற்றாலத்தில் சாரல் ஜூனில் தொடங்குகிறது. பள்ளிக்கூடமும் ஜூனில் தொடங்குகிறது. ஆகவே சென்னை என்க.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அதற்கு முன்பு 120 நாள். மே நடுவில் பயணம் என்றால், மார்ச் நடுவில் ஒரு காலை எட்டு மணிக்கு அப்பா கைப்பேசியும் கையுமாக உட்கார வேண்டும். அப்போது பள்ளி என்றைக்குத் திறக்கும் என்பது பள்ளிக்கே உறுதியாகத் தெரியாது. 2023இல் ஜூன் 1 என்றார்கள். பிறகு ஜூன் 7 என்றார்கள். வெயில் இறங்கவில்லை என்று கடைசியில் ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று ஆயிற்று. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விடுமுறை! இந்த மாதிரி வருஷத்தில் ரிட்டர்ன் டிக்கெட் என்பதே ஒருவகை ஜோசியம்தான்.

மூலத்தில் ‘வெள்ளி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்’ என்று இருந்திருக்கிறது. ‘வெள்ளி’யை அடித்துச் ‘சனி’. அதையும் அடித்து ‘ஞாயிறு’. இது ஆசிரியரின் மனமாற்றம் அன்று. வெயிட்டிங் லிஸ்ட் செய்த திருத்தம்.

அதற்கு அடுத்த வரி, ‘5 பேர், 4 பெர்த்’. கணக்குத் தப்பு என்று முதலில் தோன்றும். தப்பில்லை. 5 வயது முடிந்து 12 ஆகாத பிள்ளைக்குப் பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், வேண்டாம் என்றால் அரைக் கட்டணம் என்பது 2016 ஏப்ரல் முதல் உள்ள விதி. மகனுக்கு எட்டு வயது. பெர்த் வேண்டாம் என்று அவர் சார்பில் அப்பா முடிவெடுத்தார். அன்றிரவு மகன் விழுப்புரம் வரை அப்பாவின் காலடியிலும், அதற்குப் பின் ஆச்சியின் இடுப்போரத்திலும் கிடந்தார். மிச்சம் பிடித்த அரை டிக்கெட்டுக்கு அப்பா கொடுத்த விலை, விடிய விடிய மடக்கிய முழங்கால்.

‘ஞாயிறு’ என்ற அந்த ஒரு திருத்தம்தான் பின்னால் வந்த குழப்பங்களுக்கெல்லாம் வித்து. ஞாயிறு ஏறினால் திங்கள் இறங்க வேண்டும். அப்பா, திங்கள் கலங்கரை விளக்கம், செவ்வாய் வண்டலூர், புதன் எழும்பூர் மியூசியம் என்று எழுதிவைத்திருந்தார். நெல்லையில் காந்திமதி அம்மனைப் பார்க்கக் கிழமை பார்க்க வேண்டாம். சென்னையில் சிங்கத்தைப் பார்க்கக் கிழமை பார்க்க வேண்டும். கலங்கரை விளக்கம் திங்கட்கிழமை விடுமுறை. வண்டலூருக்குச் செவ்வாய். கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்கும் அதே செவ்வாய். மியூசியத்துக்கும் கோட்டை மியூசியத்துக்கும் வெள்ளி. அப்பாவின் பட்டியல் மூன்றில் இரண்டு சாத்திய கதவுகள். கண்டுபிடித்தவர் மகள். ‘செவ்வாய் ஜூ லீவு!!!’ என்று பென்சிலில் எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறார். தகவலுக்கு ஒன்று போதும். மற்ற இரண்டும் அப்பாவுக்கு.

ஆகவே திங்கள் மியூசியம், செவ்வாய் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் தி.நகரும், புதன் வண்டலூரும் மெரினாவும் என்று புதுப் பாடம் தோன்றியது. இதில் நிலவியல் முரண் ஒன்று உண்டு. தெற்கிலிருந்து போகும் ரயில் வண்டலூரைக் கடந்துதான் எழும்பூர் சேரும். திங்கள் விடியற்காலை ஜன்னலில் மஞ்சள் போர்டைப் படித்த மகன், “எப்பா, வண்டலூர் வந்துட்டு. எறங்குவோமா?” என்றார். வண்டி அங்கே நிற்காது என்று அப்பா சொன்னார். எழும்பூர் வரை போய், இரண்டு நாள் கழித்து, அதே தண்டவாளத்தை ஒட்டி மின்சார ரயிலில் சுமார் 30 கிலோமீட்டர் திரும்பி வந்து அதே போர்டின் கீழ் இறங்கினார்கள். போர்டை மகன் அடையாளம் கண்டுகொண்டார்.

ஆச்சியின் வாய்மொழிக்கு வருவோம். “உயிர் காலேஜு சென்ட்ரலுக்குப் பக்கத்துலல்லா இருக்கு? வண்டலூருக்கு எதுக்கு?” என்றார் ஆச்சி. காலக்கணிப்புக்கு இதைவிடச் சான்று வேண்டாம். பழைய சென்னையில் மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ் என்றும் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும் பெயர். 1851இல் தொடங்கிய மியூசிய வளாகத்திலேயே 1855இல் உயிருள்ள மிருகங்களையும் வைத்துக் காட்டியவர் எட்வர்ட் பால்ஃபோர். பிறகு சென்ட்ரல் பக்கத்துப் பூங்காவுக்கு மிருகங்கள் இடம் மாறின; 1985இல் வண்டலூருக்குப் போயின. ஆகவே ஆச்சியின் முந்தைய சென்னைப் பயணம் 1985க்கு முற்பட்டது என்பது போதரும். உயிர், செத்தது என்று இரண்டே வார்த்தையில் ஒரு நகரத்தின் சுற்றுலாத் தலங்களை வகைப்படுத்தியவர் யாரோ, எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை.

ஆச்சி கேட்ட இன்னொன்று எல்.ஐ.சி. கட்டடம். 1959இல் திறந்தபோது நாட்டிலேயே உயரமானது. கிராமத்து ஆள் பட்டணம் வந்துவிட்டார் என்று சினிமாவில் காட்ட அந்தக் கட்டடத்தை ஒருமுறை காட்டினால் போதும் என்றிருந்த காலம் உண்டு. அண்ணா சாலையில் பஸ் ஜன்னல் வழியே பார்த்த ஆச்சி, “இதையா அம்புட்டுப் பேரும் அண்ணாந்து பாத்தோம்?” என்றார். அது வெள்ளைப் பலகை பஸ். 2021 மே முதல் அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆச்சி, அம்மா, மகள் மூவருக்கும் இலவசம். அப்பாவும் மகனும் டிக்கெட் எடுத்தார்கள். டிக்கெட் எடுத்த இருவருக்கும் உட்கார இடம் கிடைக்கவில்லை.

மியூசியத்தில் திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கீழே மகன் நெடுநேரம் நின்றார். மகள் ஒரு தாழியருகே நின்று பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, “ஆதிச்சநல்லூர்னு போட்ருக்கு” என்றார். தாமிரபரணிக் கரையில் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்துக் கொண்டுவந்த பொருள்கள் எழும்பூரில் உள்ளன. பாளையங்கோட்டையிலிருந்து ஆதிச்சநல்லூருக்கு டவுன் பஸ் தூரம்தான். அதைப் பார்க்க ஒரு குடும்பம் ராத்திரி முழுக்க ரயிலில் கால் மடக்கி வந்திருக்கிறது. ஆதிச்சநல்லூரிலேயே இப்போது கண்ணாடித் தளத்துக்குக் கீழே தாழிகளைப் பார்க்கலாம். அப்பா இதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

தி.நகர் வரியில் ‘1 மணி நேரம்’ என்பது ‘4 மணி நேரம்’ ஆகியிருக்கிறது. 1ஐ 4 ஆக்க ரோஸ் மையில் இரண்டு கோடு போதும். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரை 2023இல் ஆகாய நடைபாதை திறந்துவிட்டார்கள். ரங்கநாதன் தெரு நெரிசலில் கால் வைக்காமலே போய்விடலாம். அம்மா அதில் ஏறினார், மேலிருந்து தெருவைப் பார்த்தார், இறங்கிவிட்டார்.

இனி இச்சுவடியின் மிகச் சிக்கலான இடம். மேல் ஓரத்தில், ரோஸ் மையில், அம்மாவின் கையில் ஒரு வரி: ‘மேடவாக்கம்சித்திவீடுஒருவேளை’.

ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது; பதிப்பாசிரியர்தான் பிரித்துப் படிக்க வேண்டும். இந்த வரியும் அப்படியே. அப்பா அதை ‘சித்தி வீடு, ஒருவேளை’ என்று படித்தார். அதாவது, நேரமிருந்தால் பார்ப்போம். அம்மா எழுதியது ‘சித்தி வீடு, ஒரு வேளை’. அதாவது, சாப்பாடு. ஒரு இடைவெளியில் ஒரு சம்பந்தமே தொங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை இரவு லாட்ஜில் இந்தப் பாடபேதம் வெளிச்சத்துக்கு வந்தபோது அம்மா சொன்ன உரை: “மெட்ராஸ் வரைக்கும் வந்துட்டு அவ வீட்ல கை நனைக்காமப் போனா நல்லாவாங்க இருக்கும்?” இது இடைச்செருகலா, ஆசிரியர் விட்டுவிட்ட மூலப்பகுதியா என்று இவ்வாய்வாளர் தயங்குகிறார். சித்திக்கு அந்தத் தயக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையே இட்லிக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டார் என்பது பின்னர் தெரியவந்தது. திட்டத்தைத் தீட்டியவர் அப்பா என்று தலைப்பில் போடலாம். படியெடுத்தவர் என்று போட்டால் இன்னும் பொருந்தும்.

கீழ்ப்பாதிக்கு வருவோம். வியாழன் முழுவதற்கும் அதில்தான் திட்டம் இருந்தது. ஒரு பெரிய மால், எஸ்கலேட்டர், மெட்ரோ ரயில் எல்லாம் எழுதியிருந்தேன் என்கிறார் அப்பா. அதில் ஒன்றுமே எழுதவில்லை என்கிறார் அம்மா. வியாழன் முழுக்க அவர்கள் மேடவாக்கத்தில் மூன்று வேளையும் சாப்பிட்டு, இரவு நேரே ரயில் ஏறினார்கள் என்பது மட்டும் உறுதி.

புதன் மாலை மெரினாவில் என்ன நடந்தது என்பதற்குத் தாளின் கிழிந்த விளிம்பில் ஒட்டியிருக்கும் மிளகாய்ப்பொடி சாட்சி. கலங்கரை விளக்கத்தில் பார்வை நேரம் முடிந்துவிட்டிருந்தது. ஆச்சி மணலில் காலை நீட்டி உட்கார்ந்தார். கடற்காற்று எழும்பியிருந்தது. பூப்போலக் கீறிய மாங்காயில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி வாங்கிய மகன், கை துடைக்கத் தாள் கேட்டார். பலூன் சுடும் கடையில் மகளுக்காகச் சில்லறை தேடிக்கொண்டிருந்த அப்பா, பார்க்காமலே பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மகன் பாதியைக் கிழித்துக் கையைத் துடைத்தார், மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார், துடைத்த தாளை மடித்துக் கப்பல் செய்தார்.

சம்பந்தர் வைகையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறியது என்பது மதுரைக் கதை. மெரினாவில் விட்ட ஏட்டையும் அலை திரும்பக் கொண்டுவந்து மகனின் காலடியில் போட்டது. மறுபடி விட்டார், மறுபடி வந்தது. மூன்றாம் முறை வரவில்லை.