கலயத்தில் சுண்ணாம்பு, பீப்பாயில் கந்தகம்

பிரான்சில் சிறு தோட்டக்காரர்கள் சிலர் பூச்சிமருந்து இல்லாமல் திராட்சை வளர்த்து, வெளிச்சரக்கு எதுவும் சேர்க்காமல் ஒயின் செய்வதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புதுக்கோட்டை மாவட்டத்து அஞ்சல் முத்திரை. அதனால் இந்த வாரம் முழுக்க அவர்களுக்கே.

எதையும் சேர்ப்பதில்லை என்றால் ஈஸ்ட்? அது இல்லாமல் எப்படிப் புளிக்கும்?
*— இல்லத்தரசி, அறந்தாங்கி*

இட்லி மாவுக்கு நீங்கள் ஈஸ்ட் வாங்கியா போடுகிறீர்கள், அம்மா? உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் ராத்திரியோடு ராத்திரியாக மாவைப் பொங்க வைக்கின்றன. திராட்சைத் தோலிலும் பழைய நிலவறைச் சுவரிலும் அதே கதைதான். பழத்தை நசுக்கித் தொட்டியில் விட்டால் சில நாளில் தானாக நுரை கட்டும். பெரிய ஆலைக்காரர் இதை நம்பி இருக்க மாட்டார். பொட்டலத்து ஈஸ்ட்டைத் தூவி, எல்லா ஆண்டும் ஒரே ருசி வரும்படி பார்த்துக்கொள்வார். சிறு தோட்டக்காரருக்குத் தோட்டத்து ஈஸ்ட் போதும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதான். கொடியில் பூஞ்சைக்கொல்லியை வாரி இறைத்துவிட்டு, தொட்டியில் மட்டும் அது வந்து வேலை செய்ய வேண்டும் என்று கேட்க முடியாது.

கந்தகம் சேர்க்காவிட்டால் ஒயின் காடியாகிவிடும் என்கிறார்களே ஐயா, உண்மையா?
*— பனைத் தொழிலாளி, மணமேல்குடி*

கவனம் தப்பினால் ஆகிவிடும். அது ஏன் என்பதை உங்களைவிட நன்றாகச் சொல்ல யாருமில்லை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் பதநீர். தடவாமல் கட்டினால் கள். அந்தக் கள்ளையும் மறந்து வைத்துவிட்டால் காடி. ஒரே பாளை, ஒரே சாறு. நடுவில் நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

பிரெஞ்சுக்காரரின் சுண்ணாம்பு, கந்தக டை ஆக்சைடு. ஐரோப்பிய விதிப்படி சாதாரணச் சிவப்பு ஒயினில் அது லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம். 2012 அறுவடையிலிருந்து இயற்கை வேளாண் சிவப்பு ஒயினுக்கு உச்சவரம்பு 100. அதுவும் அதிகம் என்று சொன்ன சிறு தோட்டக்காரர்கள் 2020இல் 'வேன் மெத்தோட் நத்தூர்' (இயற்கை முறை ஒயின்) என்று தனி முத்திரை வாங்கினார்கள். அதில் ஒரு வகைக்குக் கந்தகமே சேர்க்கக் கூடாது. இன்னொரு வகைக்கு 30க்குக் கீழே. புளிக்கும்போதே கொஞ்சம் கந்தகம் தானாக உண்டாகும் என்பதால், சேர்க்காத ஒயினிலும் அது அடியோடு இல்லாமல் போவது அரிது.

இதற்கு வழிகாட்டியவர் ஜூல் ஷொவே. 1907இல் பிறந்து 1989இல் மறைந்த பொஜொலே வட்டாரத்து ஒயின் வணிகர், வேதியியலும் கற்றவர். கந்தகத்தை விட்டுவிடலாம், ஆனால் அழுகல் இல்லாத பழமும் சுத்தமான தொட்டியும் குளிர்ச்சியும் வேண்டும் என்று பொறுமையாகச் சோதித்துக் காட்டினார். மோர்கோன் ஊரின் மார்செல் லாப்பியேர் 1980களின் தொடக்கத்தில் அவர் வழியைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் நாலா பக்கமும் பரவியது. 'குறைவாகத் தலையிடுவது' என்று இந்த முறைக்கு வழங்கும் பெயரைக் கேட்டு, கைகட்டிச் சும்மா இருக்கும் வேலை என்று எண்ண வேண்டாம். சுண்ணாம்பு தடவாத கலயத்துக்கு எத்தனை கழுவல், எத்தனை நேரக் கணக்கு என்பது உங்களுக்கே தெரியும்.

ஒன்றை மனம் பொறுக்காமல் சொல்கிறேன். தானாகப் புளித்த சாற்றைப் பிரான்ஸ் முத்திரை குத்திக் கௌரவிக்கிறது. நம் ஊரில் 1987 ஜனவரி முதல் கள்ளுக்குத் தடை. ஆலைச் சாராயத்துக்கு அரசே கடை நடத்துகிறது. குடியை ஒழிக்கத்தான் தடை என்றால் இரண்டுக்கும் ஒரே நீதி இருக்க வேண்டும். பனையேறிகள் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

ஒயின் சைவமா?
*— நகரத்தார் வீட்டு மருமகள், பொன்னமராவதி*

பழம் சைவம். தெளிய வைக்கும் சரக்கு எப்போதும் சைவம் இல்லை. முட்டை வெள்ளைக்கரு, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை, பால்புரதம் எல்லாம் வழக்கத்தில் உண்டு. குறைதலையீட்டுக்காரர்கள் பெரும்பாலும் எதையும் போடாமல் வண்டலைத் தானே படியவிடுகிறார்கள்.

அப்படியானால் கலங்கலாகத்தானே இருக்கும்? அதற்கா கூடுதல் விலை?
*— பலசரக்கு வியாபாரி, கறம்பக்குடி*

வெல்லம் விற்பவர் நீங்கள். பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் முதலில் விற்கும்; கறுத்த வெல்லம் மூலையில் கிடக்கும். அந்த மஞ்சளுக்குப் பின்னால் பல இடங்களில் ஹைட்ரோஸ் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கண்ணுக்குத் தெளிவு வேறு, பொருளின் தரம் வேறு. விலை கூடுவது கையால் பறிக்கும் கூலியாலும் குறைந்த மகசூலாலும். அதற்காகக் கலங்கியதெல்லாம் உயர்ந்தது என்றும் ஆகிவிடாது. கந்தகம் போடாத ஒயினில் சிலசமயம் எலிப்புழுக்கை வாடை அடிக்கும். பிரெஞ்சுக்காரர்களே 'எலி ருசி' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் புட்டியை நல்லது என்று சொல்லி விற்பவர் யாராக இருந்தாலும் தவறு செய்கிறார்.

இயற்கை ஒயின் தோட்டத்திலும் மயில்துத்தம் அடிக்கிறார்களாமே. அது ரசாயனம் இல்லையா அண்ணே?
*— தென்னை விவசாயி, வடகாடு*

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். தென்னையில் சாறு வடிந்தால் நீங்கள் பூசுவது போர்டோ பசை. வெற்றிலைக் கொடிக்காலில் ஊற்றுவது போர்டோ கலவை. 'போர்டோ' என்பது மருந்துக் கம்பெனியின் பெயர் இல்லை, பிரான்சின் மிகப் பெயர்பெற்ற ஒயின் ஊர். 1878 வாக்கில் அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் அங்கே கொடிகளைக் கருக்கியது. மெதோக் பகுதியில் சாலையோரக் கொடிகள் மட்டும் இலை உதிராமல் நிற்பதைப் போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே கண்டார். விசாரித்தால், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்க, துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நீலமாகத் தெளித்திருக்கிறார்கள். பழத்திருட்டுக்குப் போட்ட காவல் நோய்க்கும் காவலானது. 1885இல் அவர் அதை வெளியிட்டார். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்று இன்று நீங்கள் கலக்கும் ஒரு சதக் கலவை அந்தச் சாலையோரத்திலிருந்து வந்ததுதான்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: ஆம், ரசாயனம்தான். இயற்கை வேளாண்மையில் அதற்கு அனுமதி உண்டு, அளவோடு. ஏழாண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்பு. ஆண்டுக்குச் சராசரி நாலு கிலோ. துத்தத்தில் கால்பங்குதான் செம்பு என்பதால் நம் கணக்கில் ஏக்கருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறரைக் கிலோ துத்தம். செம்பு மட்கிப் போவதில்லை, மண்ணிலேயே தங்கி மண்புழுவைத் துரத்தும். இயற்கை ஒயின்காரர்களின் பெரிய சங்கடம் இதுதான். நேர்மையானவர்கள் மறைப்பதில்லை, நோய் தாங்கும் ரகங்களை வைத்தும், காற்றோட்டமாகக் கவாத்து செய்தும் ஆண்டுக்காண்டு அளவைக் குறைத்துவருகிறார்கள்.

புதுக்கோட்டைக்கும் பிரான்சுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
*— கல்லூரி மாணவி, திருமயம்*

உண்டு. திருச்சி முற்றுகைக் காலத்தில் புதுக்கோட்டை மன்னர் தொண்டைமான் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரணியில் நின்றார். பின்னாளில் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் பிரான்சிலேயே குடியிருந்து 1928இல் பாரிசில் காலமானார்.

ஒயினுக்கும் நமக்கும் உள்ள உறவு இன்னும் பழையது, ரோமானிய வணிகத்தோடு வந்தது. 1898இல் ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சியில் ஒரே இடத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பலவற்றில் பேரரசர் முகத்தின் மேல் வெட்டு. யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கப்பலில் வந்த நறுந்தேறலைப் பற்றிப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு பேசுகிறது. அரிக்கமேட்டு மண்ணில் அவர்களுடைய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஒரு முறை கருக்காக்குறிச்சிக்குப் போய்வாருங்கள், உங்கள் மாவட்டம்தானே.

உடம்புக்கு நல்லது என்பதால்தானே இயற்கை ஒயின்?
*— செவிலியர், கீரனூர்*

இல்லை. மண்ணுக்கு நல்லது. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

வேலையை விட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். இங்கே திராட்சை வைத்து இதே மாதிரி ஒயின் செய்யலாமா சார்?
*— இளைஞர், விராலிமலை*

வேண்டாம், தம்பி. உரிமம் இல்லாமல் மது வடிப்பது தமிழ்நாட்டில் குற்றம். திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஒயினை விடுங்கள், அந்தப் பிரெஞ்சுத் தோட்டக்காரரின் மண் வேலையைப் பாருங்கள். கொடி வரிசைகளுக்கு நடுவே பயறு வகையும் தீவனப்புல்லும் விதைத்து மடக்கி உழுகிறார். நம் ஆட்கள் அதே வேலைக்குக் கொளுஞ்சி, தக்கைப்பூண்டு விதைப்பார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே ஒடுகம்பட்டியில் 'குடும்பம்' அமைப்பின் பண்ணை இருக்கிறது. அதற்குப் பெயரே கொளுஞ்சி. வறண்ட செம்மண்ணில் மரமும் மட்கும் மழைநீரும் சேர்த்து மண்ணை எப்படி மீட்கலாம் என்பதை அங்கே கண்ணால் காணலாம். ஒரு வாரம் தங்கி மண்வெட்டி பிடியுங்கள். முந்திரியா, பலாவா, நிலக்கடலையா என்பதைப் பிறகு முடிவுசெய்துகொள்ளலாம்.

கஜா புயலில் எங்கள் பலாவும் தென்னையும் போய்விட்டன. மருந்தடிக்காமல் விவசாயம் செய்தவர்கள் நாங்கள். இயற்கையோடு ஒத்துப்போகிறவனுக்கு இயற்கை ஏதாவது சலுகை தருமா ஐயா?
*— விவசாயக் குடும்பத்துப் பெண், கீரமங்கலம்*

தராது, அம்மா. அப்படிச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2021 ஏப்ரலில் பிரான்சில் உறைபனி விழுந்தது. மொட்டு விட்டிருந்த கொடிகள் ஒரே வாரத்தில் கருகின. மருந்தடித்தவர், அடிக்காதவர் என்று பனி பார்க்கவில்லை. இரவெல்லாம் தோட்டத்தில் வரிசையாக மெழுகுத் தீ ஏற்றி, கண் விழித்துக் காத்தும் பலருக்கு விளைச்சல் போனது. கடன் வாங்கி, வேறு ஊர்த் தோட்டங்களில் பழம் வாங்கி, தங்கள் முறையிலேயே ஒயின் செய்து அந்த ஆண்டைக் கடந்தவர்கள் உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம், அதை மறைக்கக் கூடாது. கொடியில் மொட்டுதான் கருகும். வேர் இருக்கும், அடுத்த ஆண்டு காய்க்கும். 2018 நவம்பர் 16 விடிகாலையில் உங்களுக்கு வேரே போனது. நாற்பது வருஷப் பலாவுக்கு எந்த நிவாரணத் தொகையும் ஈடாகாது. மரத்தின் வயதைக் கணக்கில் எடுக்காமல் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தது சரியில்லை என்றே நினைக்கிறேன். புயலுக்குப் பிறகு நீங்கள் வைத்த கன்றுகள் எப்படி நிற்கின்றன, ஏதாவது பிஞ்சு விட்டதா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.