மேல எவ்வளவு மாப்ளே?

வா மாப்ளே, உக்காரு. திண்ணையில நல்லாக் காலை நீட்டியே உக்காரு. போற வீட்டுல திண்ணை இல்லையாமே. அதுக்குப் பதிலா லிஃப்ட்டு இருக்குன்னு உன் பொண்டாட்டி சொல்லிட்டுப் போனா. சந்தோசம். மாடியே இல்லாத வீட்டுல லிஃப்ட்டு இல்லாம இத்தனை வருசம் நீ பட்ட பாடு இந்த மாமனுக்குத் தெரியாதா?

விசயம் என் காதுக்கும் வந்துச்சு. காரங்காட்டு வீட்டைக் கம்பெனிக்காரன் எடுத்துக்குவான், ராமநாதபுரத்துல புதுசா எழும்புற அடுக்குமாடியில ஒரு வீடு தருவான், மிச்சத்துக்கு நீ லோன் போட்டுக்கிட்டாப் போதும். புரோக்கர் கமிஷன் இல்லை, வாங்குற ஆளைத் தேடி அலையிறது இல்லை. உன் வீட்டுக்கு 40 லட்சம் போட்டிருக்கானாமே! ஊர்ல எவனும் 28க்கு மேல வாயைத் திறக்கலை. மகராசன், நல்லா இருக்கட்டும்.

ஆமா, அவன் வீடு என்ன விலை? 75ஆ? சரி சரி. ரொக்கத்தோட போறவனுக்கு அதே வீட்டை 60க்குத் தர்றதா போன வாரம் சந்தையில ஒருத்தன் சொன்னான். நான் அஞ்சாப்பு தாண்டாதவன், நீ கம்ப்யூட்டர் படிச்சவன், நீயே கழிச்சுப் பாரு. மாத்திக்கிட்டா மேல 35 கட்டணும். 28க்கு வித்துட்டு 60க்கு வாங்கினா மேல 32. பன்னெண்டு லட்சம் கூடக் கிடைச்சதா நினைச்சுக்கிட்டு மூணு லட்சத்தைத் தோக்குற சாமர்த்தியம் நம்ம வம்சத்துல உனக்குத்தான் வாய்ச்சிருக்கு. பழைய சங்கிலியைப் போட்டுப் புதுச் சங்கிலி எடுக்கிற பொம்பளைககிட்டக் கேளு, பழசுக்கு என்ன போட்டான்னு பேச மாட்டாளுக. கையிலருந்து எவ்வளவு இறங்குச்சுன்னுதான் பேசுவாளுக.

இங்கிலாந்துல இது ரொம்ப நாளா நடக்குற வியாபாரம்னு சொல்லி அவன் உன்னை மயக்கியிருப்பான். நெசந்தான். அங்க ஒருத்தன் வீடு வித்தாத்தான் இன்னொருத்தன் வாங்க முடியும், அவன் வாங்கினாத்தான் மூணாவது ஆளு காலி பண்ணுவான். வரிசையில ஒருத்தன் பின்வாங்கினா எல்லாருக்கும் முறிஞ்சு போகும். அந்தத் தலைவலிக்குப் பயந்து, கொஞ்சம் விலை குறைஞ்சாலும் பரவாயில்லைன்னு கட்டுற கம்பெனிகிட்டயே பழைய வீட்டைத் தள்ளிவிடுறான் வெள்ளைக்காரன். அதுலயும் பழசோட மதிப்பு புதுசுல முக்கால்வாசியைத் தாண்டக் கூடாதுன்னு பெரும்பாலும் வரம்பு வச்சிருப்பாங்க. உனக்கு என்ன வரிசை, என்ன தலைவலி? இல்லாத தலைவலிக்கு மாத்திரை வாங்கிட்டு வந்து நிக்கிற.

நம்ம கடற்கரைக்கும் இந்த மாத்துக் கணக்கு புதுசில்லை, தெரிஞ்சுக்கோ. 2004 டிசம்பர்ல சுனாமி வந்துச்சுல்ல. குறுக்கே இலங்கை கிடந்த புண்ணியத்துல நம்ம பாக்கு நீரிணைப் பக்கம் பெரிசா அடி விழலை, நாகப்பட்டினம் சின்னாபின்னமாயிருச்சு. மறுவருசம் மார்ச் 30ல அரசாங்கம் ஒரு ஆணை போட்டுச்சு, 172ஆம் நம்பர். கடல்லருந்து 200 மீட்டருக்குள்ள வீட்டைப் பறிகொடுத்தவங்க உள்ள தள்ளிப் போனா, ஒன்றரை லட்ச ரூபாய் பெறுமான புது வீடு, காசே இல்லாம. பழைய இடத்தை மட்டும் அரசாங்கத்துக்கு எழுதி விட்டுறணும். மாட்டேன்னா அங்கயே கிட, உன் செலவுல ரிப்பேர் பாத்துக்கோ.

உயிர் போன இடம், அரசாங்கத்தைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஊருக்கு ஊர் கேள்வி ஒண்ணுதான். வீட்டுக்கு வீடு சரி, வள்ளத்தை எங்க இழுத்துப் போடுறது, வலையை எங்க காயப் போடுறது, நெத்திலியை எந்த மொட்டைமாடியில உலர்த்துறது? வீட்டுக்கு விலை போட்டாங்க. கரைக்கு எவன் போட்டான்?

உன் ஆளு மட்டும் கரைக்கு விலை போடத் தெரிஞ்சவன். ஞாயித்துக்கிழமை வனத்துறைப் படகுல அலையாத்திக் காடு பாக்க வர்ற கூட்டத்தை அவன் எண்ணியிருப்பான். அவன் கண்ணுக்கு உன் ஓட்டு வீடா தெரியுது? உன்கிட்டப் பேசும்போது மட்டும், ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல அலையாத்தி இருந்தா அதைச் சுத்தி 50 மீட்டர் விட்டு வைக்கணும்னு கடலோரச் சட்டம் சொல்லுது, இந்த இடத்துல ஒண்ணும் பண்ண முடியாது சார்னு பெருமூச்சு விடுவான். ஒண்ணும் பண்ண முடியாத இடத்துக்கு 40 லட்சம் தர்ற தர்மவானை நான் இப்பத்தான் பாக்குறேன்.

எட்டு சென்ட்டு மாப்ளே, கிட்டத்தட்ட 3,485 சதுர அடி. நாலாவது மாடியில உனக்குப் பிரிபடாத பாகம்னு எவ்வளவு மண்ணு எழுதுறான்? கேக்கலையா? பரவாயில்லை, சுவரு கலர் கேட்டிருப்ப.

அப்புறம் அந்த பவர் விசயம். கிரயம் வேணாம், பவர் எழுதிக் குடுங்க போதும்னானாம். உனக்குச் சிரமம் வேணாம்னு சொன்னானாக்கும்! கிரயம் பண்ணினா முத்திரைத் தீர்வையும் மாற்று வரியும் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூத்துக்கு 9 அவன் கட்டணும். வேற ஆளுக்கு வித்தா அங்க இன்னொரு 9. பவர்னா அந்த முதல் 9ல பெரும்பகுதி அவன் பைக்குள்ளயே கிடக்கும். அவன் ஆள் பிடிக்கிற வரைக்கும் வீட்டு வரி ரசீது உன் பேருக்கு வரும், வில்லங்கம் வந்தாலும் உன் பேருக்குத்தான் வரும். பவர் பத்திரத்தால சொத்து கைமாறாதுன்னு 2011லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. நீ வீட்டை விட்டு வந்திருப்ப, வீடு உன்னை விட்டிருக்காது. மாத்துறதுன்னா பரிவர்த்தனைப் பத்திரமே பதியலாமே? ரெண்டு சொத்துல எதுக்கு மதிப்பு கூடவோ அதுக்கு மட்டும் தீர்வை கட்டினாப் போதும். அதைச் சொல்லிப் பாரு, அவனுக்கு உடனே வேற போன் வரும்.

புது வீட்டு வேலை முடிஞ்சுருச்சா? முடிஞ்சதுக்குச் சான்றிதழ் வாங்கியிருந்தா ஜிஎஸ்டி கிடையாது. இல்லேன்னா 5 சதவீதம், 45 லட்சத்துக்குள்ள சின்ன வீடா இருந்தா 1. உன்னுது 75, ராசா வீடு, அதுக்கு 5தான். ரெரா நம்பர் இருக்கான்னும் பாத்துக்கோ. பதிஞ்ச கட்டடத்துல சுவரு வெடிச்சா அஞ்சு வருசத்துக்கு அவன்தான் சரி பண்ணணும்.

நான் தடுக்குறேன்னு நினைக்காதே. போ, நல்லாப் போ. மேல எவ்வளவுன்னு மட்டும் ஒரு துண்டுச் சீட்டுல அவன் கையாலயே எழுதி வாங்கிட்டு வா. கையெழுத்துப் போட ஞாயித்துக்கிழமை நாள் குறிச்சாச்சாமே? உன் ஆத்தாகிட்ட சொல்லிட்டியா? பத்திரம் அவ பேர்ல, எங்கப்பா சீதனமா எழுதினது. மூலப் பத்திரம் எங்க இருக்குன்னு தேடாதே, என் டிரங்குப் பெட்டியில பத்திரமாத்தான் கிடக்கு. சாவியை எங்க வச்சேன்னுதான் இப்ப ஞாபகம் வர மாட்டேங்குது.