நடுக்கடலில் நண்பகல்

கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து மேற்கே கரீபியனின் செயின்ட் லூசியா தீவுக்கு ஏறத்தாழ 2,700 கடல் மைல். பத்து மீட்டர் நீளப் பாய்ப்படகுக்கு மூன்று வாரப் பயணம். காற்று படுத்தால் இன்னும் கூடும். கரீபியனில் சூறாவளிப் பருவம் நவம்பரோடு ஓய்ந்ததும் வடகிழக்கு வியாபாரக் காற்றை நம்பிப் படகுகள் கிளம்பும். வெண்ணெய் உருகும்வரை தெற்கே இறங்கு, பிறகு மேற்கே திரும்பு என்பது அந்தக் கடல்வழியில் புழங்கும் பழைய பேச்சு. குளிர்பெட்டி இல்லாத படகில் அது கண்ணால் பார்த்து நடக்கக்கூடிய வழிகாட்டல்தான். 1980களின் நடுவில் நான் முதன்முறை அட்லாண்டிக்கைக் கடந்தபோது எங்கள் படகிலும் குளிர்பெட்டி கிடையாது. அண்மையில் அதே வழியில் மறுபடியும் போனேன். படகின் அளவு அதே, ஆட்கள் நான்கு பேர், காற்றின் திசையும் அதே. எங்கள் ஒரு நாள்தான் அடியோடு வேறாகியிருந்தது.

முதல் பயணத்தின் ஒவ்வொரு நாளுக்கும் நண்பகல்தான் உயிர்நாடி. பதினொன்றரை மணிக்கே கேப்டன், கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட்டை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு வந்துவிடுவார். ஒருவர் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கடிகாரத்தோடு நிற்பார். மூன்றாமவர் சுக்கானில். சூரியனைக் கண்ணாடி வழியே தொடுவானம்வரை இறக்கி, அது ஏறி ஏறி, நின்று, இறங்கத் தொடங்கும் கணத்தின் கோணத்தைக் குறித்துக்கொள்வோம். அந்தக் கோணத்தையும் பஞ்சாங்கத்தில் அன்றைய சூரியன் நிற்கும் நிலையையும் வைத்துக் கணக்குப் போட்டால் அட்சரேகை கிடைக்கும். கோணத்தில் ஒரு கலை, அதாவது ஒரு கோண நிமிடம், பிசகினால் ஒரு கடல் மைல் பிசகும். தீர்க்கரேகைக்குக் காலையில் எடுத்த அளவும் சரியான நேரமும் வேண்டும். நான்கு நொடி தவறினால் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஒரு கடல் மைல் தள்ளிப்போகும். ஆகவே பிபிசி வானொலியின் நேர ஒலிக்காகச் சிற்றலைப் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டிருப்போம். கடைசியில் வரைபடத்தில் பென்சிலால் ஒரு சிறு சிலுவைக்குறி விழும். நால்வரும் குனிந்து அதைப் பார்ப்போம். இருபத்துநான்கு மணி நேரத்தில் எங்கே இருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரிந்த ஒரே கணம் அது.

மற்ற நேரமெல்லாம் கடலைப் படிப்பதில் போகும். அலையின் முதுகு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்த மேகத்தின் அடியில் கருமை கூடுகிறது, காற்று எத்தனை விரல் திரும்பியிருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு அளந்துதான். குளியலும் பாத்திரம் கழுவுவதும் கடல்நீரில். முட்டைகளுக்கு வாசலின் தடவி, சில நாட்களுக்கொருமுறை புரட்டி வைப்போம். காய்வெட்டான தக்காளியைச் செய்தித்தாளில் சுற்றி வைத்தால் ஒவ்வொன்றாகப் பழுத்துக் கைகொடுக்கும். விடியலில் மேல்தளத்தில் விழுந்து கிடக்கும் கோலா மீன்கள் காலைச் சாப்பாடு. இரவில் முறைபோட்டு மூன்று மணி நேரம் விழித்திருப்போம். அடுத்தவரை எழுப்பும்போது, 'மழைமேகம் ஒன்று பின்னால் வருது, பாயைச் சுருக்க வேண்டியிருக்கும்' என்று கடலை அவர் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் படுப்போம்.

இந்த முறை ஜிபிஎஸ் திரையில் எங்கள் இடம் மீட்டர் கணக்கில் எப்போதும் தெரிந்தது. அது 1995இல் முழுமை பெற்று, 2000 மே மாதத்தில் அதில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையும் நீக்கப்பட்ட பிறகு, செக்ஸ்டன்ட் பெட்டிக்குள் போய்விட்டது. சூரியத் தகடுகளின் மின்சாரத்தில் ஓடும் கருவி கடல்நீரை மென்சவ்வு வழியே அழுத்திக் குடிநீராக்கியது. ஏஐஎஸ் கருவி பெருங்கப்பல்களின் பெயரையும் வேகத்தையும் சொன்னது. ஐந்து நாளைக்கான காற்று முன்னறிவிப்பு செயற்கைக்கோள் இணையம் வழியே காலையில் வந்து இறங்கியது.

இவற்றில் எதையும் நான் பழிக்க மாட்டேன். 2018இல், வழிகாணப் பழைய கருவிகளை மட்டும் நம்பித் தனியாக உலகைச் சுற்ற வேண்டும் என்ற விதியோடு கோல்டன் குளோப் பந்தயம் மீண்டும் நடந்தது. இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, கோவாவில் கட்டிய 'துரியா' படகில் செக்ஸ்டன்ட்டோடு போனார். அந்தச் செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் படகைப் புரட்டியது. பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பு காயப்பட்டது. அசைய முடியாமல் படுக்கையில் கிடந்தவர், தன் நிலையைச் செயற்கைக்கோள் வழியே எழுதி அனுப்பினார். பிரான்சின் 'ஓசிரிஸ்' ரோந்துக் கப்பல் வந்து அவரைத் தூக்கிச் சென்றது. வழிகாட்டியது பழைய கருவி, உயிர் காத்தது புதியது. 2022இல் தொடங்கிய அடுத்த பந்தயத்தில் அவர் இரண்டாமவராகக் கரை சேர்ந்தார். அப்படிப்பட்ட மனிதரைத் திருப்பிக் கொடுத்த கருவியை யார் குறை சொல்வது?

எனக்கு உறுத்தியது வேறு. நண்பகல் வந்தது, போனது. யாரும் மேல்தளத்தில் கூடவில்லை. ஒருவர் தூங்கினார், ஒருவர் படம் பார்த்தார், ஒருவர் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார். தன் பங்கு வேலையில் யாரும் குறை வைக்கவில்லை. ஆனால் தொடுவானத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இந்த முறை எவருக்கும் இல்லை. அதே பொழுதில் கடல் நாங்கள் அறியாத கடலாக மாறிக்கொண்டிருந்தது. பாதிவழியில் பழுப்புநிறப் பாசிப் படலங்கள், பாய் விரித்ததுபோல, காற்றின் போக்கில் நீள நீளமாகக் கிடந்தன. காற்றைப் பிடித்துத் தானே படகைத் திருப்பும் தகட்டுக் கருவியில் அவை சிக்கி, மணிக்கொருமுறை கம்பால் விலக்க வேண்டியிருந்தது. முதல் பயணத்தில் இது இல்லை.

சர்காசம் என்ற அந்தப் பாசி, பழங்காலத்திலிருந்து வடக்கே சர்காசோ கடலில் மிதந்தது. 2011இலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் நடுவே புதிய பட்டையாக, ஏறக்குறைய ஆண்டுதோறும் பெருகி வருகிறது. 2018 ஜூனில் அதன் நீளம் 8,850 கிலோமீட்டர், எடை இரண்டு கோடி டன்னுக்கு மேல் என்று செயற்கைக்கோள் படங்களிலிருந்து விஞ்ஞானிகள் கணித்தார்கள். நடுக்கடலில் அது மீன்குஞ்சுகளுக்கும் ஆமைக்குஞ்சுகளுக்கும் புகலிடம். கரீபியக் கரைகளில் மலைமலையாக ஒதுங்கி அழுகும்போது வீசும் நாற்றமும் நச்சு வாயுவும் அங்குள்ள மக்களின் மூச்சுக்கும் மீன்பிடிப்புக்கும் இடைஞ்சல்.

இப்படி மாறும் கடலைப் பார்க்க, இந்த முறை எங்கள் கேப்டன் ஒரு வேலை வைத்திருந்தார். காற்று தணிந்த நாட்களில், காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையே பாய்களை இறக்கிப் படகை நிறுத்துவோம். முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளை வட்டு ஒன்றை எடை கட்டி, அளவுநாடாவில் நேராக இறக்குவோம். கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்வோம். இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி 1865இல் கையாண்ட முறை இது. நுண்ணிய மிதவைத் தாவரங்கள் மிகுந்த நீரில் வட்டு சீக்கிரம் மறையும். அவை குறைந்த நீரில் நெடுநேரம் தெரியும். உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி அந்தத் தாவரங்களுடையது. கடலின் உணவு பெரும்பாலும் அவற்றிலிருந்தே தொடங்குகிறது. 2013 முதல் பாய்ப்படகுக்காரர்களிடமிருந்து இந்த அளவுகளைக் கைபேசிச் செயலி வழியே திரட்டும் ஆய்வு நடந்துவருகிறது. செயற்கைக்கோள் கடலின் நிறத்தை மேலிருந்து காண்கிறது. அதைச் சரிபார்க்கக் கடலில் ஒரு கண் வேண்டும். எங்கள் கண் அங்கே இருந்தது.

அதற்கான ஒரு மணி நேரம் நால்வரும் மேல்தளத்தில் நின்றோம். ஒருவர் நாடாவைப் பிடிக்க, ஒருவர் நிழல் பக்கம் சாய்ந்து பார்க்க, ஒருவர் எழுத, ஒருவர் சுற்றிலும் கண்ணோட்டினார். முதல் பயணத்து நண்பகலின் கூட்டு வேலை வேறு வடிவில் திரும்பியிருந்தது. அப்படி நின்ற ஒரு நாள் என் மகளிடமிருந்து கைபேசியில் செய்தி: 'அப்பா, புள்ளி நகரவே இல்லையே? ஏதாவது பிரச்சினையா?' எங்கள் படகு அவள் திரையில் ஒரு புள்ளி. முதல் பயணத்தில் என் அம்மா மூன்று வாரத்துக்கு மேல் ஒரு வரிகூட இல்லாமல் காத்திருந்தாள். அவள் தவிப்பை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. மகளுக்கு உடனே பதில் எழுதினேன்: கடலைப் பார்க்க நின்றிருக்கிறோம், கவலைப்படாதே.

அந்தக் காலத்தில் நாங்கள் கரை சேர வேண்டும் என்பதற்காகக் கடலைப் பார்த்தோம். இன்று கருவிகள் எங்களைக் கரை சேர்த்துவிடுகின்றன. கடலுக்காகக் கடலைப் பார்க்கும் ஓய்வை அவைதான் தந்திருக்கின்றன. அந்த ஓய்வைத் திரைக்கே திருப்பிக் கொடுப்பது பெரிய நட்டம். பெருங்கடலைச் சிறுபடகில் கடக்கப்போகும் இளையவர்கள், நான் காணாத மாற்றங்களை எல்லாம் காண்பார்கள். எல்லாக் கருவிகளையும் எடுத்துச் செல்லட்டும். கூடவே ஒரு வெள்ளை வட்டையும் அளவுநாடாவையும் வைத்துக்கொள்ளட்டும். அதிக செலவு இல்லை. நண்பகலில் ஒரு மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்கி, படகிலுள்ள அனைவரும் சேர்ந்து பார்த்து எழுதி வைத்தால், நடுக்கடலுக்கு என்ன ஆகிறது என்பதற்கு நம் பிள்ளைகளிடம் சாட்சியாவது இருக்கும்.